உதடு அசைந்தால் போதுமா?

மண்டபத்துக்கு இப்புறம், கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வாசித்த காலத்தில், சுதந்திர தினத்தன்று கொடியேற்றுவதென்பது கச்சான் காற்றோடு நடக்கும் மல்யுத்தமாகவே இருந்தது. முடிச்சு முழுதும் அவிழுமுன்பே காற்று கொடியைப் பிடுங்கிக்கொள்ளும். உள்ளே பொதிந்து வைத்த பூவிதழ்கள் எங்கள் தலைமேல் விழாமல் பனைமரங்களை நோக்கிப் பறந்துவிடும். அடுத்தது தேசிய கீதம். அதன் வங்கச் சொற்களுக்கு அர்த்தம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. டிரில் வாத்தியாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே அவர் வரிசைகளின் ஊடே நடந்து பரிசோதித்ததெல்லாம் எங்கள் உதடுகளைத்தான். அசையாத உதட்டுக்குச் சொந்தக்காரன் வெயிலில் முழங்காலிட வேண்டும். என் பக்கத்தில் நிற்கும் வலைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், கீதம் ஒலிக்கும் 52 விநாடியும் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்தே ஒப்பேற்றினான். ஒரு வருஷமும் அவன் தண்டனை பெற்றதில்லை.

உதட்டைக் கொண்டு உள்ளத்தை அளக்கும் இந்தப் பரிசோதனை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குக் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த கிடங்கூரில் நிகழ்ந்தது ஒன்றே போதிய சாட்சி. யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் அங்கே பத்தாவது, ஒன்பதாவது, ஐந்தாவது வகுப்புகளில் படித்துவந்தனர். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் கீதம் பாடப்படும்போது மற்ற மாணவர்களைப் போலவே மரியாதையாக எழுந்து நிற்பார்கள். பாட மட்டும் மாட்டார்கள். கடவுளைத் தவிர வேறொன்றுக்கும் துதி செலுத்துவது தங்கள் விசுவாசத்துக்கு விரோதம் என்பது அவர்களது நம்பிக்கை. பல காலம் ஒருவரும் இதைப் பொருட்படுத்தவில்லை. 1985 ஜூலையில் அதைக் கவனித்த சட்டசபை உறுப்பினர் ஒருவர் சபையில் கேள்வி எழுப்பினார்; விசாரணைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. பிள்ளைகள் சட்டத்துக்கு அடங்கி நடப்பவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அக்குழுவும் அறிக்கை தந்தது. எனினும் ஜூலை 26-ஆம் தேதி, கல்வி அதிகாரியின் உத்தரவுப்படி மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளிவிட, வழக்கு டில்லிக்குச் சென்றது. 1986 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, சுதந்திர தினத்துக்கு நான்கே நாள் இருக்கையில், நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுமாறு தீர்ப்பளித்தது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பிரசித்தமான அத்தீர்ப்பின் தர்க்கம் சாமானியருக்கும் விளங்கக்கூடியதே. தேசிய கீதத்தை அனைவரும் பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. தேசிய கௌரவத்துக்கு இழிவு நேராமல் தடுக்கும் 1971-ஆம் வருஷத்துச் சட்டம் தண்டிப்பதும் பிறர் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவனையும், பாடும் கூட்டத்தில் கலகம் விளைவிப்பவனையுந்தான். கல்வி இலாகாவின் சுற்றறிக்கை சட்டமாகிவிடாது. அரசியல் சட்டத்தின் 19-ஆம் விதி தரும் பேச்சுச் சுதந்திரத்துக்குள்ளேயே பேசாதிருக்கும் சுதந்திரமும் அடங்கியிருக்கிறது. ஒருவனது நம்பிக்கை நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அவன் அதை உண்மையாகவே கொண்டிருக்கிறானா என்பதே கேள்வி.

இந்த முடிவுக்கு அமெரிக்காவிலும் ஒரு முன்மாதிரி உண்டு. இதே பிரிவினரின் பிள்ளைகள் கொடி வணக்கம் செய்ய மறுத்தபோது 1940-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. மூன்றே வருஷத்தில், உலக யுத்தம் உச்சத்தில் இருக்கும்போதே, 1943 ஜூன் 14-ஆம் தேதி அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அந்நாட்டில் அது கொடி நாள் என்பது ஒரு சுவாரஸ்யம்.

நம் தேசத்துச் சரித்திரத்திலோ இதைவிடப் பெரிய வேடிக்கை இருக்கிறது. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தபோது, அவர்களை அரசியலில் ஈடுபட விடும் பள்ளிகளுக்கு மானியம் கிடையாது என்று கார்லைல் என்ற அதிகாரி சுற்றறிக்கை அனுப்பினார். வந்தே மாதரம் என்று முழங்கிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அதே வந்தே மாதரத்தை எல்லாப் பள்ளிகளிலும் வாரம் ஒருமுறையாவது பாடவேண்டும் என்று 2017 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தக்க காரணமுடையவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் நல்லவேளையாகச் சேர்த்துச் சொல்லியது. எங்கள் ஜில்லாவில் 1942 ஆகஸ்டில் ஜனங்கள் திரண்டு திருவாடானைச் சிறையை உடைத்துச் சுதந்திரப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தபோது, மூவர்ணக் கொடியைப் பையில் வைத்திருப்பதே ஒரு பிள்ளைக்கு ஆபத்து. பாட்டும் கொடியும் ராஜத்துரோகமாக இருந்து ராஜவிசுவாசமாக மாறிவிட்டன; சுற்றறிக்கையும் பிரம்பும் இடம் மாறாமலே இருக்கின்றன.

ஆனால் கொடியைத் தானே விரும்பி ஏந்தி, அதைக்கொண்டே அடுத்தவனைச் சீண்டுகிற மாணவனை என்ன செய்வது? வியட்நாம் யுத்தத்துக்கு வருந்திக் கறுப்புப் பட்டி கட்டி வந்த மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுப் பெண் முதலானோர் வழக்கில், பள்ளியின் வேலை கணிசமாகக் குலையும் என்று எதிர்பார்க்க இடமிருந்தாலன்றி மாணவரின் கருத்து வெளியீட்டைத் தடுக்கலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-இல் விதித்தது. அதே அளவுகோலை வைத்துத்தான், கலிபோர்னியாவில் 2010 மே 5-ஆம் தேதி, மெக்சிக வம்சாவளி மாணவர்கள் விழாக் கொண்டாடிய நாளில் அமெரிக்கக் கொடி பொறித்த சட்டையோடு வந்த பையன்களை, சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போடு அல்லது வீட்டுக்குப் போ என்று பள்ளி சொன்னது சரியே என 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முந்தின வருஷம் அதே நாளில் மோதல் நடந்திருந்தது காரணம். எனக்கு இத்தீர்ப்பில் முழுத் திருப்தி இல்லை. கலகம் செய்வேன் என்று மிரட்டுகிறவனுக்குப் பிறர் சட்டையைத் தீர்மானிக்கும் அதிகாரம் போய்ச்சேர்ந்துவிடுகிறது.

நம் தென் ஜில்லாக்களில் அச்சட்டையின் இடத்தில் இருப்பது கைக்கயிறு. இன்ன நிறம் இன்ன சாதி என்று பிள்ளைகள் அறிவர், அறிவதற்காகவே கட்டுகிறார்கள். நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கயிறு, மோதிரம், பொட்டு ஆகியவற்றைத் தடுக்கச் சொன்னபோது பெரிய வாதம் எழுந்தது. இராமேஸ்வரம் ஆரம்பப் பள்ளியில் அப்துல் கலாம் அணிந்திருந்த குல்லாயும் ஓர் அடையாளந்தான். கோயில் பிரதம அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரியாரின் மகனருகே அவர் அமர்ந்திருப்பதைச் சகியாத புது ஆசிரியர் ஒருவர் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார் என்றும், சாஸ்திரியார் அந்த ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்துத் தவற்றை உணரச் செய்தார் என்றும் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். குல்லாய் அணிந்தவன் யாரையும் சீண்டவில்லை. கயிறு சீண்டுவதற்கென்றே கட்டப்படுகிறது. இந்த வித்தியாசத்தைச் சுற்றறிக்கையால் காண முடியாது. வகுப்பில் நிற்கும் வாத்தியார் காணலாம், விரும்பினால்.

எங்கள் கரையில் இன்னொரு விதமான மௌனமும் உண்டு. கச்சத்தீவுப் பக்கம் எல்லை தாண்டினான் என்று பிடிபட்ட தகப்பன் இலங்கைச் சிறையில் கிடக்க, ஆகஸ்டு 15-இல் வரிசையில் நிற்கிற பிள்ளைக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளக்கூடும். அவன் பாடாததை அவமதிப்பென்று எழுதிவைக்கும் உபாத்தியாயருக்குக் கிடங்கூர்த் தீர்ப்பைப் படித்துக்காட்ட வேண்டும்.

வாய்ப்பாட்டுப் பையன் இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறான். மூவர்ணக் கொடி கட்டாமல் அவன் படகு கரையை விட்டு நகர்வதில்லை; எல்லைக்கு அருகில் அதுதான் அவன் யாரென்று சொல்லும். போன வருஷம் பாம்பனில் பார்த்தபோது, தேசிய கீதத்தை இப்போதாவது பாடமாக்கினாயா என்று கேட்டேன். வலையிலிருந்து நண்டை உருவிக்கொண்டே சிரித்தான். "அது வரலடா. பதினாறாம் வாய்ப்பாடு கேளு, தலைகீழாச் சொல்றேன்."