உளவியலும் சமயக் கற்கையும்: பட்டப்படிப்பாகத் தெரிவுசெய்யலாமா?

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் புரட்டாத வீடில்லை. ஆசிரியர், சட்டத்தரணி, கணக்காளர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். உளவியல் என்று சொன்னால் மட்டும், "பைத்தியக்காரரைப் பார்க்கிற படிப்பா?" என்ற கேள்வி வரும். சமயக் கற்கை என்றால், "அதை மத்ரஸாவில் படிக்கலாமே, அதற்கேன் கெம்பஸ்?" என்பார்கள். இன்னும் சில வீடுகளில் குரலைத் தாழ்த்தி மூன்றாவது கேள்வியும் கேட்கப்படும்: "இதுகளைப் படித்தால் ஈமான் குறையாதா?"

அடுத்த வருடம் அந்தப் படிவத்தை நிரப்பவிருப்பவள் நான். இஸ்லாம், தமிழ், அளவையியல் ஆகியவை என் பாடங்கள். எங்கள் வீட்டில் முதற் கேள்வியை உம்மா கேட்டார், மூன்றாவதை வாப்பா கேட்டார். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடி வாசித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இவ்விரு பாடங்களும் என்ன கேட்கின்றன என்பதை அறிய ஒரு ஜனாஸா வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள். அவள் கர்ப்பிணியாயின் பிரசவம் வரை இருப்பாள். அந்நாட்களில் எது கூடும், எது கூடாது என்று மௌலவி விளக்குவார். உளவியல் படித்தவர் அவளுடைய தூக்கத்தையும் உணவையும் பேச்சையும் கவனிப்பார். இது இயல்பான துக்கமா, உதவி தேவைப்படும் நோயா என்று பிரித்தறிய முயல்வார். சமயக் கற்கை பயின்றவரோ, பௌத்தர்கள் ஏழாம் நாளில் தானம் கொடுப்பதையும், இந்துக்கள் முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி செய்வதையும், நாம் இத்தா இருப்பதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பார். துக்கத்துக்கு ஏன் எல்லாச் சமூகங்களும் ஒரு காலக்கணக்கு வைத்தன என்று கேட்பார். மூவரின் கேள்விகளும் வேறு வேறு. ஒருவரின் பதில் மற்றவரின் பதிலை அழிப்பதில்லை.

முதலில் உளவியலை எடுத்துக்கொள்வோம். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வூண்ட் ஆய்வுகூடம் அமைத்ததையே நவீன உளவியலின் தொடக்கமாகக் குறிப்பிடுவர். நமது தேசிய உயர்தரப் பாடத்திட்டத்தில் உளவியல் ஒரு பாடமாக இல்லை. ஆகவே பல்கலைக்கழகத்தில் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிள்ளையின் வளர்ச்சி, நினைவாற்றல், மூளையும் நடத்தையும், சமூக உளவியல், உளநோய்கள் எனப் பல பகுதிகள் அதில் உண்டு. பலரும் எதிர்பாராத ஒன்றும் உண்டு: புள்ளிவிபரவியல். "கலைப்பிரிவுதானே, கணக்கு வராது" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கருத்தை நம்புவதற்கு முன் அதை எப்படி அளந்தார்கள் என்று கேட்பதே இப்பாடத்தின் உயிர்.

உம்மாவின் கேள்விக்கு வருவோம். நம் ஊர்களில் அங்கொடை என்ற பெயரைச் சொன்னாலே சிரிப்பு அல்லது பயம். அதனால் மூன்று தொழில்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. உளநல மருத்துவர் மருத்துவபீடத்தில் கற்றவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் உளவியலில் பட்டம் பெற்று, அதன் பின் பட்டப்பின் படிப்பும் மேற்பார்வையின் கீழான பயிற்சியும் முடித்தவர். உளவளத்துணையாளர் பேச்சின் மூலம் ஒருவருக்குத் துணை நிற்பவர். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதற்பட்டம் முடித்த மறுநாளே சிகிச்சை நிலையம் திறக்கலாம் என்பது தவறான எண்ணம். அந்தப் பட்டம் ஒரு வாசல். அதிலிருந்து ஆசிரியத் தொழில், சிறுவர் பராமரிப்பு, சமூக சேவை, மனிதவள முகாமை என்று பல பாதைகள் பிரிகின்றன.

சமயக் கற்கை நமக்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, இந்தியரின் நம்பிக்கைகளை எழுதினார். அவர்களோடு வாதாடுவதை நோக்கமாகக் கொள்ளாமல், அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே எடுத்துரைத்தார். 12ஆம் நூற்றாண்டில் ஷஹ்ரஸ்தானி பல சமயங்களையும் பிரிவுகளையும் விவரித்து 'அல்மிலல் வந்நிஹல்' என்ற நூலை எழுதினார். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் சமயக் கற்கைத் துறையை ஆரம்பித்தது 1967இல்தான். மத்ரஸாவில் நாம் மார்க்கத்தை அதன்படி வாழ்வதற்காகக் கற்கிறோம். சமயக் கற்கையில் பல சமயத்தவரும் எப்படி வாழ்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ளக் கற்கிறோம். ஒரே தெருவில் பள்ளிவாசலும் பன்சலையும் கோவிலும் தேவாலயமும் உள்ள நாட்டில், 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பின் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த நாட்டில், இது வீணான படிப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் மனிதரின் சமய அனுபவங்களை ஆராய்ந்து 1902இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன்பே, 934இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதிவிட்டார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணம் தெரியாத கவலை வேறு என்று அவர் பிரித்தார். பின்னதற்கு உடல் சார்ந்த காரணம் இருக்கலாம் என்றார். வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைக்கவும் சொன்னார்.

இனி வாப்பாவின் கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். உளவியல் வகுப்பில் சிக்மண்ட் பிராய்டைப் படிக்க நேரும். அவர் சமயத்தை ஒரு மாயை என்று 1927இல் எழுதியவர். சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி இந்தச் சிக்கலைப் பற்றியே 1979இல் 'முஸ்லிம் உளவியலாளரின் இக்கட்டு' என்னும் பொருள்படும் நூலை எழுதினார். மேற்கின் கோட்பாடுகளை எடைபோடாமல் அப்படியே விழுங்கும் முஸ்லிம்களை அவர் கண்டித்தார். ஆனால் உளவியலையே விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அல்பல்கீயின் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. பிராய்டின் கருத்து பரிசோதித்து நிறுவப்பட்ட உண்மையா, அவருடைய ஊகமா என்று கேட்கும் பயிற்சியை அதே உளவியல் வகுப்புத்தான் தருகிறது. கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளையின் ஈமானுக்கு நான் அவ்வளவு அஞ்சமாட்டேன்.

இனிச் சில நடைமுறை விடயங்கள். பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் உளவியலும், அரபு மற்றும் இஸ்லாமிய நாகரிகமும் கற்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் உளவியலில் விஞ்ஞானமாணிப் பட்டம் உண்டு. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே இருக்கிறது. தகைமைகளை அந்தந்த வருடக் கைநூலில் பார்க்க வேண்டும். தனியார் நிறுவனமாயின் பணம் கட்டுமுன், வழங்கப்படும் பட்டம் மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டதா என்று பெற்றோர் விசாரிக்க வேண்டும். உளவியல் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், மாணவிகள் இப்போதிருந்தே ஆங்கிலம் வாசிக்கப் பழகுவது நல்லது.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். இத்தா முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவர் இரவில் தூங்குவதில்லை. சிலர் ஜின் என்றார்கள், சிலர் பொறுமையில்லை என்றார்கள். தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்கு வெட்கம், அங்கே சிங்களத்தில் பேசவும் தெரியாது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தைப் பற்றி இப்போதுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறோம். அவர் மொழியில் பேசவும், அவர் ஏன் இத்தா இருந்தார் என்பதை விளக்காமலே புரிந்துகொள்ளவும் கூடிய ஒரு பெண் நம்மிடையேயிருந்து வர வேண்டும். பெற்றோர்களே, உங்கள் மகள் இப்பாடங்களைக் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். உட்கார வைத்து, ஏன் என்று கேளுங்கள். மாணவிகளே, அந்த ஏனுக்கு ஒரு பதிலை இன்றே தயார்செய்துகொள்ளுங்கள். என் பதில் அந்த மாமிதான்.