கொரிய வெப்பக் குளியலகத்துக்குக் குடும்பத்தோடு செல்லும் முன்

அண்மையில் புறநோயாளிப் பிரிவுக்குத் தம் கணவருடன் வந்த அம்மையார் ஒருவர், மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்ட பின்னும் எழுந்திருக்கவில்லை. தென்கொரியாவில் பணிபுரியும் மகன் இருவரையும் அழைத்திருக்கிறார். அங்கே குடும்பத்தோடு செல்லும் வெப்பக் குளியலகத்துக்கும் கூட்டிச்செல்வதாகச் சொல்லியிருக்கிறார். "இவரையும் உள்ளே விடலாமா டாக்டர்?" என்று கேட்டார். கணவர் குறுக்கிட்டு, "நம்ம திண்டுக்கல் சித்திரை வெயிலுக்கு மேலயா அது சுட்டுடப் போகுது?" என்றார்.

சுடும். நம் ஊரில் வெயில் நாற்பது டிகிரியை எட்டினால் நிழலுக்கு ஓடுகிறோம். 'ஜிம்ஜில்பாங்' என்னும் அக்குளியலகத்தின் சூட்டறைகள் சில அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். அவற்றுக்குள் மக்கள் விரும்பிச் சென்று அமர்கிறார்கள். முதலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியற்பகுதி. அங்கே உடையின்றித்தான் குளிப்பார்கள். பெற்றோரிடம் பிள்ளைகள் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. பிறகு அங்கு தரும் தளர்வான உடையை அணிந்து, குடும்பத்தார் அனைவரும் பொதுக்கூடத்தில் கதகதப்பான தரையில் படுத்து இளைப்பாறுவர். களிமண் அறை, உப்பு அறை, குளிரறை என விருப்பம்போல் சென்றுவரலாம். சூட்டில் வேகவைத்த முட்டையும், 'சிக்யே' என்னும் இனிப்பான அரிசிப் பானமும் கிடைக்கும். நீரிழிவு உள்ளோர் அப்பானத்தைப் பாயசமாகவே கணக்கிட வேண்டும்.

அம்மையாரின் கேள்வி கொரியாவிலேயே மிகப் பழையது. 1422ஆம் ஆண்டில், வியர்வைக் குளியல் அறைகளுக்குச் சென்ற நோயாளிகள் பலர் இறப்பதாக அறிந்த செஜோங் மன்னர், அதனால் பயனுண்டா என விசாரிக்கச் சொன்னார். பயனில்லையெனில் மூடவேண்டும், இருப்பின், மருத்துவர் நாள்தோறும் சென்று நோயாளியைப் பரிசோதித்து, மிகவும் தளர்ந்தவர்களைத் தடுக்கவேண்டும் என்பது அவர் ஆணை.

வெப்பத்தில் தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன. இரத்த அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் விரைந்து துடிக்கிறது. வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. இரத்த அழுத்த மாத்திரையோ, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையோ உட்கொள்பவர் சட்டென எழுந்தால் மயங்கி விழக்கூடும். சூட்டறையிலிருந்து நேரே குளிர்நீர்த் தொட்டியில் இறங்குவது இதய நோயாளிகளுக்கு இன்னும் ஆபத்தானது. அழுத்தம் திடீரென ஏறும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்விலும் நெஞ்சுவலி உள்ளவர்கள், பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள் செல்லவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். மது அருந்திவிட்டு எவரும் நுழையலாகாது.

பின்லாந்தில் 2,315 ஆண்களை இருபது ஆண்டுகளாகக் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், அடிக்கடி சூட்டறைக் குளியல் எடுத்தவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாகக் காணப்பட்டது. அவர்கள் பழகியவர்கள், உள்ளே சென்று அமரும் அளவுக்கு உடல்நலம் உடையவர்களும்கூட. மாத்திரைக்கு மாற்றாக எவரும் இதைக் கொள்ள வேண்டாம்.

எனக்கு அந்தப் பெரியவரின் இதயத்தைவிடப் பாதங்களே கவலையளித்தன. நெடுநாள் நீரிழிவால் அவை மரத்துப்போயிருந்தன. நாற்பத்து நான்கு டிகிரித் தரையும் பல மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோலைப் புண்ணாக்கும். உணர்ச்சியற்ற காலுக்கு அது தெரியாது. மார்கழியில் வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைத்துத் தூங்கி, கொப்புளத்தோடு வருபவர்களை இங்கேயே பார்க்கிறோம். இன்சுலின் போட்ட இடம் சூடேறினால் மருந்து விரைவாக இரத்தத்தில் கலந்து சர்க்கரை தாழ்ந்துவிடும். இன்சுலின் பேனாவையும் சூட்டறைக்குள் கொண்டுசெல்லக் கூடாது.

ஆகவே அவருக்குச் சொன்னது இது: பொதுக்கூடத்தில் தடித்த விரிப்பின்மேல் அமரலாம், அங்கே உறங்க வேண்டாம். மிதமான சூட்டறைக்கு மகன் துணையோடு ஐந்து நிமிடம் போகலாம். தொட்டி நீரில் முதலில் மகன் கை வைத்துப் பார்க்கவேண்டும். தண்ணீர் குடிக்கவேண்டும். தலை கிறுகிறுத்தால் உடனே வெளியே வந்து படுத்துவிடவேண்டும். வீடு திரும்பியதும் உள்ளங்கால்களை யாரேனும் பார்க்கவேண்டும்.

"முட்டை?" என்று கேட்டார். ஒன்று சாப்பிடலாம் என்றேன்.