வானை நோக்கும் மாணவர் படை

மீனம்பாக்கம் விமான நிலையத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்களைக் கிண்டி, அடையாறு ஆகிய பகுதிகளில் வாழும் சிறுவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். பெரும் முழக்கத்துடன் தலைக்கு மேலே செல்லும் விமானத்தைக் கண்டதும், அதனைத் தானும் ஓட்ட வேண்டும் என்னும் ஆவல் எழாத இளைஞர் சிலரே ஆவர். அவ்வாவலை வெறுங் கனவாக விட்டுவிடாமல், முறையான பயிற்சியாக மாற்றுவதற்கென அமைந்ததே தேசிய மாணவர் படையின் வான் பிரிவு.

வானப் பயணத்தோடு சென்னைக்குள்ள தொடர்பு நெடுநாளையது. சென்னை மவுண்ட் ரோடில் உணவு விடுதி நடத்தி வந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், 1910-ஆம் ஆண்டில், இந்நகரிலேயே செய்யப்பெற்ற ஒரு சிறு விமானத்தில் பறந்து காட்டினார். 1932-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், டாட்டா நிறுவனத்தாரின் முதல் அஞ்சல் விமானம் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. 1954-ஆம் ஆண்டு முதல், விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சியளிக்கும் இந்திய விமானப் படைப் பள்ளி தாம்பரத்தில் இயங்கி வருகின்றது.

இனி மாணவர் படையின் வரலாற்றைக் காண்போம். ஆங்கிலேயர் ஆட்சியிலேயே பல்கலைக் கழகங்களில் மாணவர் பயிற்சிப் படைகள் இருந்தன. எனினும், நாடு முழுவதற்கும் உரிய ஓர் அமைப்பு வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றமையால், 1946-ஆம் ஆண்டில் இருதயநாத குன்சுரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. அக்குழுவின் பரிந்துரைப்படி 1948-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டுத் தேசிய மாணவர் படை தோன்றியது. அடுத்த ஆண்டில் பெண்களுக்குரிய பிரிவும் உண்டாயிற்று. 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒவ்வோர் அணியாக வான் பிரிவு தொடங்கப்பெற்றது. பின்னர் அது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. இன்று சென்னையிலும் அதன் அணி உள்ளது. 1954-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மாணவர் படைக் கொடியில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறங்கள் உள்ளன. அவற்றுள் வெளிர்நீலம் வான் படையைக் குறிப்பதாகும்.

இப்பிரிவில் சேர்ந்த மாணவன் உடனே விமானத்தில் ஏறிவிடுவதில்லை. அவனுடைய முதற் பாடங்கள் தரையிலேயே நிகழ்கின்றன. அணிவகுத்து நடத்தல், துப்பாக்கி சுடுதல், ஏவலுக்குக் கீழ்ப்படிதல் ஆகியவற்றோடு, விமானம் பறக்கும் முறை, எஞ்சின், வானிலை, வழியறிதல் முதலியவற்றையும் அவன் கற்கின்றான். முன்னோக்கி விரையும் விமானத்தின் இறக்கை, காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றது. அதன் எதிர்விளைவாக விமானம் மேலே தூக்கப்படுகின்றது. எதிர்காற்று வீசுமாயின், தரையில் குறைந்த வேகத்தில் ஓடினாலும் மேலெழும்பப் போதிய தூக்குவிசை கிடைத்துவிடும். ஆகவேதான் விமானங்கள் பெரும்பாலும் காற்றுக்கு எதிராகப் புறப்படுகின்றன. பிற்பகலில் மெரீனாக் கரையில் உடலைக் குளிர்விக்கும் கடற்காற்று, வான் பிரிவு மாணவனுக்கு ஒரு பாடமாகவும் விளங்குகின்றது.

மாதிரி விமானம் செய்தல் இப்பயிற்சியின் சிறந்த பகுதியாகும். எடை குறைந்த மரத்துண்டுகளைக் கொண்டு மாணவர்கள் சிறு விமானங்களைச் செய்து பறக்க விடுகின்றனர். வால் கனத்திருந்தால் மாதிரியின் மூக்கு மேலே நிமிரும். இறக்கை தூக்குவிசையை இழக்கும். மாதிரி கீழே விழும். மூக்கில் சிறிது களிமண்ணை ஒட்டினால் அது நேராகப் பறக்கும். பிழை எங்கே என ஆராய்ந்து திருத்தும் பழக்கம் இவ்வாறு அவனுக்குக் கைவருகின்றது. பறத்தற் பயிற்சி அளிக்கும் அணிகளைச் சேர்ந்தோர், ஆசிரியருடன் இருவர் அமரும் சிறு விமானத்தில் பறக்கும் பேறும் பெறுகின்றனர்.

1962-ஆம் ஆண்டுச் சீனப் படையெடுப்பிற்குப் பின்னர், 1963-இல் இப்பயிற்சி கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல் மீண்டும் விருப்பத்திற்குரியதாயிற்று. 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் மாணவர் படையினர் படைக்கலத் தொழிற்சாலைகளில் துணைப்பணி புரிந்தனர். போர்முனைக்குச் செல்லாமலும் நாட்டிற்குத் தொண்டாற்ற இயலும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

பயிற்சி பெற்றோர் அனைவரும் விமானிகளாவதில்லை. 'சி' சான்றிதழ் பெற்றவர்க்கு விமானப் படையில் தனி நுழைவு வழி உண்டெனினும், நேர்முகத் தேர்விலும் உடற்கூறு ஆய்விலும் தேறியவரே அதில் சேர முடியும். அங்ஙனமாயின், மற்றவரது உழைப்பு வீணாமோ? இவ்வினாவிற்கு அப்துல் கலாமின் வாழ்க்கை விடை கூறுகின்றது. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் விமானப் பொறியியல் பயின்றார். விமானியாக விரும்பித் தேராதூனில் நடந்த தேர்விற்குச் சென்றார். தேர்விற்கு வந்தோர் 25 பேர், இடங்கள் எட்டு, அவர் பெற்ற இடமோ ஒன்பதாவது. உள்ளம் வருந்தினாராயினும், கற்ற கல்வியை அவர் கைவிடவில்லை. அவர் தலைமையில் உருவான ஏவுகணை 1980-ஆம் ஆண்டில் ரோகிணி என்னும் செயற்கைக் கோளை விண்ணில் நிலைநிறுத்தியது. 2006-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், குடியரசுத் தலைவராக விளங்கிய அவர், தம் 74-ஆம் வயதில், புனா நகரத் தளத்திலிருந்து சுகோய் போர் விமானத்தில் பறந்தார்.

வானில் பறப்போர் ஒருவராயின், அவர் நலமே திரும்புதற்குத் தரையில் உழைப்போர் பலராவர். எஞ்சினைப் பழுது பார்ப்பவரும், வானிலையைக் கணிப்பவரும், வழி கூறுபவரும் தத்தம் கடமையில் வழுவாதபோதுதான் ஒரு விமானம் பாதுகாப்பாக மேலெழுகின்றது. 'ஒற்றுமையும் கட்டுப்பாடும்' என்னும் மாணவர் படையின் குறிக்கோள் உரைக்கும் பொருளும் இதுவேயாம்.