இளவேனிற் பனிச்சரிவு: இயற்கையும் மனிதப் பொறுப்பும்

எமது மொழியில் ‘பனி’ என்னுஞ் சொல் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும், உயர்மலைகளில் ஆளுயரத்துக்குப் படியும் வெண்பனியையும் ஒருங்கே குறிக்கின்றது. முன்னையதால் ஊறில்லை, பின்னையதோ, சரிவிலே நிலைகுலையும்போது ஊர்களையே மூடிவிடும் ஆற்றலுடையது. இவ்வழிவை விதியெனக் கொண்டு அமைதியுறுதல் எளிது. ஆயின், அதில் மனிதன் வகிக்கும் பங்கு சிறிதன்று என்பதை அல்ப்ஸ் மலைத்தொடரின் இளவேனிற் காலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலேயுள்ள மலையில், 1936ஆம் ஆண்டிலே வெண்பனி பற்றிய முறையான ஆய்வு தொடங்கிற்று. 1950-51 மாரிக்காலத்தில் அந்நாட்டில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளில் மாண்டனர். அதன் பின்னர் சரிவுகளில் உருக்குத் தடுப்புகள் பெருகின, காப்புக்காடுகள் பேணப்பட்டன, ஆபத்து வலயங்கள் வரையறுக்கப்பட்டு, அவற்றிற் குடியிருப்புகள் கட்டுப்படுத்தப்பட்டன. 1999ஆம் ஆண்டு மீண்டும் கடும்பனி பொழிந்தபோது அங்கு இறந்தோர் 17 பேர். சமூகம் கூட்டாகச் செயற்பட்டவிடத்து ‘விதி’ பின்வாங்கியது எனலாம். இன்று மாள்வோருட் பெரும்பாலோர் திறந்த மலைவெளியிற் பனிச்சறுக்கிச் செல்வோரேயாவர். அவ்விபத்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதில், சரிவைத் தூண்டிவிடுவது சிக்கியவரின் அல்லது அவருடன் சென்றவரின் பாரமே என்பது கருதத்தக்கது.

மாரிப்பனியும் இளவேனிற் பனியும் இயல்பில் வேறுபட்டவை. மாரியில், உலர்ந்த பனிப்படைகளுள் நலிந்த படையொன்று முறிய, அதன் மேலுள்ள படை தகடாகப் பெயர்ந்து சரிகின்றது. இளவேனிலில் முதன்மை பெறுங் காரணி நீராகும். வெயிலில் மேற்பனி உருகிக் கீழிறங்கும் நீர், பனித்துணிக்கைகளுக்கிடையிலான பிணைப்பை நெகிழச் செய்கின்றது. முகிலற்ற இரவிலே பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து மீண்டும் உறைந்து, ஆளைத் தாங்கும் வன்மையான ஓடாகின்றது. முகில் மூடிய இரவிலோ இவ்விழப்புக் குறைவு. ஓடு செவ்வனே உருவாவதில்லை. எனவே, விடியலில் உறுதியான பாதையாக இருந்த சரிவே நண்பகலிற் கொலைக்களமாதல் கூடும்.

இதனாலேயே, அனுபவமுடையோர் இருளிற் புறப்பட்டு, வெயில் முற்றுமுன் இறங்கிவிடுகின்றனர். கிழக்கு நோக்கிய சரிவுகள் முதலிலும், தெற்கும் மேற்கும் நோக்கியவை பின்னரும் நெகிழ்வதால், பாதையும் அதற்கியைய வகுக்கப்படும். வடசரிவுகளில் மாரியின் பழைய நலிவுகள் நீடித்திருத்தலும் உண்டு. 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகள் தனிக்கவனத்துக்குரியன. கணுக்காலுக்கு மேலாகப் பாதம் புதைதல், பனியுருண்டைகள் தாமே உருண்டு வருதல், மழை பெய்தல் என்பன திரும்புமாறு கூறும் அறிகுறிகளாம். புதையுண்டவர் முதற் பத்து நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டாற் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன்பின் அது விரைந்து வீழ்கின்றது. ஆகவே, வெளியிலிருந்து வரும் மீட்பாளரை விட, உடன்செல்லும் தோழரின் கருவிகளும் பயிற்சியுமே உயிரைக் காப்பன.

இவ்வறிவு மறைபொருளன்று. சுவிற்சர்லாந்தில் 1945 தொடக்கம் பனிச்சரிவு அறிக்கைகள் வெளிவருகின்றன. ஐரோப்பாவிற்குப் பொதுவான ஐந்து படிநிலை ஆபத்தளவு 1993இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும், தாமதமாகப் புறப்பட்ட குழு, சிகரம் அண்மையில் தெரிகையில், ‘திரும்புவோம்’ என்னும் ஒருவரின் குரலுக்குச் செவிசாய்க்கத் தயங்குகின்றது. ஊரைக் காக்கும் தடுப்பை அரசு அமைக்கலாம். இத்தயக்கத்தை நீக்கும் பொறுப்பு குழுவினுடையதே.

மேலும், புவி வெப்பமடைய, ஈரப்பனிச் சரிவுகள் நடுமாரியிலும் தோன்றக் காண்கின்றோம். முன்னோர் நாட்காட்டியைக் கொண்டு கணித்த பருவம் இனிப் போதிய வழிகாட்டியாகாது. நேற்றைய இரவு வானம் தெளிந்திருந்ததா, காலடியிற் பனி உறைந்துள்ளதா என ஒவ்வொரு காலையும் புதிதாக வினவுதலே அறிவுடைமையாகும்.