மருந்துக்கு அடங்காக் கிருமிகளும் வந்தேறு விலங்குகளும்

உயிரினம் எதுவும் தனித்து வாழ்வதன்று. ஒவ்வொரு விலங்கின் குடலும் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ஓர் உலகமாகும். அவற்றுட் பெரும்பாலானவை தம்மைத் தாங்கும் உயிருக்குத் தீங்கிழைப்பதில்லை. உணவு செரித்தற்கும் உயிர்ச்சத்துக்கள் சில உண்டாதற்கும் துணைபுரிகின்றன. எனினும், அவற்றுட் சில மருத்துவர் கையாளும் மருந்துகளுக்கு அடங்காத் தன்மையைப் பெற்றுவிட்டன. மருத்துவரையோ மருந்தையோ என்றும் கண்டிராத எலியின் குடலிலும் பறவையின் குடலிலும் இத்தகைய கிருமிகள் காணப்படுகின்றன என்னும் செய்தி அறிஞருலகைச் சிந்திக்கச் செய்துள்ளது. மருந்துண்ணாத விலங்கினிடத்து மருந்தை வெல்லும் கிருமி வந்தவாறு எங்ஙனம்? இவ்வினா வெறும் ஆராய்ச்சி விருப்பால் எழுந்ததன்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கணும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்கள் மருந்துக்கு அடங்காப் பற்றீரியாக்களின் நேர் விளைவாக நிகழ்ந்தன என 2022இல் வெளியான கணிப்பொன்று கூறுகின்றது.

நுண்ணுயிர்க்கொல்லிகள் எனப்படும் மருந்துகளுட் பல, இயற்கையில் வாழும் பூஞ்சணங்களும் பற்றீரியாக்களும் ஆக்கும் பொருள்களேயாம். 1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் கண்ட பெனிசிலினும் ஒரு பூஞ்சணத்தின் ஆக்கமே. படைக்கலம் தோன்றிய களத்திற் கேடயமும் தோன்றுதல் இயல்பு. கனடாவின் யூக்கோன் பகுதியில் 30,000 ஆண்டுப் பழமை வாய்ந்த உறைமண்ணை ஆராய்ந்தோர், பெனிசிலின், ரெற்றாசைக்கிளின் முதலிய மருந்து வகைகளை எதிர்க்கும் மரபணுக்கள் அதனுள் இருந்தமையை 2011இல் வெளியிட்டனர். ஆதலின் எதிர்ப்பாற்றல் மனிதன் படைத்ததன்று. அதனைத் தெரிந்தெடுத்துப் பெருக்கியதே மனிதன் செய்த செயல். போதிய அளவினும் குறைவாகப் பெனிசிலினை உட்கொள்வோர் எதிர்ப்புடைய கிருமிகளை வளர்த்துவிடக்கூடும் எனப் பிளெமிங்கே 1945இல் தமது நோபெற் பரிசுப் பேருரையில் எச்சரித்தார்.

தெரிவு நிகழுமாறு எளிதில் விளங்கத்தக்கது. கோடிக்கணக்கான கிருமிகளிடையே ஒன்றிரண்டு, பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் ஆற்றலுடையனவாயிருத்தல் கூடும். மருந்து செலுத்தப்பட்டதும் ஏனையவை மடிய, அவை மட்டும் எஞ்சிப் பல்கி, வெற்றிடத்தைத் தமதாக்கிக் கொள்கின்றன. இதனினும் வியப்புக்குரியது பிறிதொன்று உண்டு. யப்பானில் வயிற்றுளைவுக் கிருமியாகிய சிகெல்லா ஒரே காலத்திற் பல மருந்துகளுக்கு அடங்காது நின்றமை 1950களில் அவதானிக்கப்பட்டது. இவ்வாற்றல் ஒரு பற்றீரியாவிலிருந்து வேறோர் இனப் பற்றீரியாவிற்கும் தொடுகையினாற் கடத்தப்படுகின்றது என்பதை 1959இல் ஒச்சியாய், அக்கிபா ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் நிறுவின. பிளாஸ்மிட்டு எனப்படும் சிறு மரபுப்பொருள் வளையங்களே இக்கடத்தலுக்குக் கருவியாகின்றன. தந்தை தேடிய பொருள் மைந்தனுக்கு வருதல் உலகியல்பு. ஈண்டோ அயலவனுக்கும் அது கைமாறுகின்றது. குடல் இக்கொடுக்கல் வாங்கலுக்கு ஏற்ற சந்தையாக விளங்குகின்றது.

காட்டுயிர்களிடத்து இவ்வாற்றல் எவ்வாறு பரவியுள்ளது என்பதை அறிதற்குக் கென்யா நாட்டின் அம்போசெலிப் பகுதியில் வாழும் பபூன் குரங்குகள் நல்ல சான்றாயின. மக்கள் வாழ்க்கையினின்று விலகி மேய்ந்த கூட்டங்களிலும் பார்க்க, உல்லாசப் பயணிகள் விடுதியின் குப்பையை உண்டு வாழ்ந்த கூட்டத்தின் குடற்கிருமிகளில் எதிர்ப்பாற்றல் மிகுந்திருந்தமை 1985இல் வெளியிடப்பட்டது. இதற்கு மாறாக, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள விரல் பகுதியில், மருந்தேதும் பெற்றிராத காட்டெலி வகைகளிலும் எதிர்ப்பாற்றல் பரந்து காணப்பட்டதென 1999இல் ஓர் ஆய்வு அறிவித்தது. ஆனால் 2001இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வோ, அந்நாட்டுக் காடுகளில் வாழும் கடமான்களிலும் சிற்றெலிகளிலும் அஃது ஏறக்குறைய இல்லையெனக் கண்டது. இவ்விரு முடிவுகளும் தம்முள் முரணுவன போலத் தோன்றினும், மக்கள் நெருக்கமும் பண்ணைத் தொழிலும் மிக்க நிலம் ஒன்று, அவை அருகிய நிலம் மற்றொன்று என்பதை நோக்குமிடத்து முரண் பெரிதும் நீங்கும்.

இந்நிலையில் வந்தேறு விலங்குகள் தனிக் கவனத்துக்குரியனவாகின்றன. தம் தாயகத்தினின்று மனிதனாற் கொண்டுசெல்லப்பட்டு, புகுந்த நாட்டிற் கட்டின்றிப் பெருகுவனவே இவை. வேண்டுமென்று கொண்டுசெல்லப்பட்டனவும் உண்டு. கப்பற் சரக்கிடையே ஒளிந்து சென்றனவும் உண்டு. இவற்றுட் பல மூன்று இயல்புகளால் கிருமிகளைப் பரப்புதற்கு ஏற்றனவாயுள்ளன. மனிதனது உணவையும் கழிவையும் நம்பி வாழ்தல் முதலாவது. விரைந்து பெருகித் திரளாகச் சேர்தல் இரண்டாவது. கழிவுநீர்க் கால்வாய்க்கும் களஞ்சியத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் இடையே தடையின்றி நடமாடுதல் மூன்றாவது.

எலியினம் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. வடசீனத்தையும் மொங்கோலியாவையும் தாயகமாகக் கொண்டதெனக் கருதப்படும் பழுப்பெலி, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரந்து, அமெரிக்காவையும் அடைந்தது. யேர்மனியின் பேர்ளின் நகரத்தில் ஆராயப்பட்ட பழுப்பெலிகளுள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் குடலில், பெனிசிலின் வகையின் பிற்காலத்து மருந்துகளையும் சிதைக்கவல்ல நொதியத்தை ஆக்கும் எஷரிக்கியா கோலை என்னும் பற்றீரியா காணப்பட்டமை 2013இல் வெளியிடப்பட்டது. அந்நாட்டின் நாட்டுப்புறங்களிற் பிடிக்கப்பட்ட சிறு காட்டு விலங்குகளிலோ எதிர்ப்பாற்றல் அரிதாகவே இருந்தது. நியூ யோர்க் நகரில் ஏழு இடங்களிற் 13 மாத காலத்திற் பிடிக்கப்பட்ட 416 வீட்டுச் சுண்டெலிகளைக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். சல்மொனெல்லா, சிகெல்லா முதலிய நோய்க் கிருமிகளும், பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் அவற்றின் கழிவிற் காணப்பட்டன. இச்சுண்டெலியும் அமெரிக்காவிற்கு ஐரோப்பியர் கப்பல்களிற் சென்றதே.

பறவைகளுள் ஐரோப்பிய ஸ்ராலிங் குறிப்பிடத்தக்கது. 1890இல் ஏறத்தாழ 60 பறவைகளும் 1891இல் ஏறத்தாழ 40 பறவைகளும் நியூ யோர்க் நகரின் மத்திய பூங்காவில் விடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் கோடிக்கணக்கிற் பெருகி வட அமெரிக்காக் கண்டம் முழுவதும் பரவின. மாரிகாலத்தில் இவை பெருந்திரளாக மாட்டுப் பண்ணைகளில் இறங்கித் தீவனத் தொட்டியில் உண்டு, அத்தொட்டியிலேயே எச்சமிடுகின்றன. மாட்டுக்கு வழங்கிய மருந்தாற் தெரிவுற்ற கிருமி பறவைக்கும், பறவையினிடத்துள்ளது மாட்டுக்கும், அங்கிருந்து அடுத்த பண்ணைக்கும் செல்லுதற்கு இதனால் வழி திறக்கின்றது. ஸ்ராலிங்குகளின் குடலில் மருந்துக்கு அடங்காக் கிருமிகள் உள்ளமை ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது.

அங்ஙனமாயின் இவ்விலங்குகளைக் கொன்றொழித்தல் தீர்வாகுமா? டெக்சாஸ் மாநிலப் பண்ணையொன்றில் ஸ்ராலிங்குகளைக் குறைத்தபின் தீவனத்திற் சல்மொனெல்லா மாசு குறைந்தது. ஆனால் கனடாவின் வான்கூவர் நகரில் எலிகளைப் பிடித்துக் கொன்றபோது எஞ்சிய எலிகளிடையே லெப்ரோஸ்பைரா என்னும் நோய்க் கிருமியைத் தாங்குவன மிகுந்தமை 2018இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. குலைந்த கூட்டத்தின் எஞ்சிய விலங்குகள் புதிதாகக் கலந்து பொருதமை இதற்குக் காரணமாகலாம் என்பர். ஆகவே கொல்லுதல் ஓரிடத்துப் பயன் தரினும் வேறோரிடத்துத் தீங்கைப் பெருக்கவும் கூடும். அன்றியும், விலங்கின் குடலிலும் மனிதன் குடலிலும் ஒரே வகைக் கிருமி காணப்படுதல் கொண்டு, அது விலங்கிலிருந்தே மனிதனுக்கு வந்ததெனத் துணிதல் பொருந்தாது. எதிர்த்திசையிற் சென்றிருத்தலும், இருபாலார்க்கும் பொதுவான கழிவுநீரிலிருந்து வந்திருத்தலும் கூடும்.

உண்மையில் எலியும் பறவையும் தாம் வாழும் சூழலைக் காட்டும் கண்ணாடியாகின்றன. ஊற்றை அடையாமல் வாய்க்காலை மட்டும் மறித்தலாற் பயனில்லை. நோயற்ற கால்நடைகளின் உடலைப் பெருக்குதற்காக மருந்தூட்டும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் முற்றாகத் தடைசெய்தது. இறுதிப் புகலாகக் கருதப்படும் கொலிஸ்ரின் என்னும் மருந்தை அந்நோக்கத்துக்குப் பயன்படுத்தலைச் சீனா 2017இல் நிறுத்தியபின், அம்மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பண்ணைகளிலும் மக்களிடத்தும் குறைந்தமை கண்டறியப்பட்டது. மனிதன் தன் செயலைத் திருத்தின் இயற்கையும் ஓரளவு திருந்தும் என்பதற்கு இது தக்க சான்று.

மருத்துவர் கூறாத மருந்தை உண்ணாமையும், கூறியதைக் கூறியவாறே உண்ணுதலும், எஞ்சிய மருந்தைக் கால்வாயிற் கொட்டாமையும், குப்பையை எலிக்கு உணவாக விடாமையும் ஒவ்வொருவராலும் இயலுவன. பண்ணைக் கழிவையும் வைத்தியசாலைக் கழிவையும் தூய்மைசெய்தல் அரசுகளின் கடன். மருந்தைக் கண்டவன் மனிதன். அளவின்றிப் பரப்பியவனும் அவனே. எலியைக் கப்பலேற்றியவனும் அவனே. எய்தவனிருக்க அம்பை நோதல் அறிவுடைமையாகாது.