100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் 12 தான் வருதா? இணைய வேகத்தின் கணக்கைச் சொல்லும் 'பாட்' கதை

"அண்ணே, 100 ஸ்பீடுன்னு சொல்லித்தானே மாசாமாசம் காசு வாங்குறீங்க? டவுன்லோடு போட்டா 12-ஐத் தாண்டவே மாட்டேங்குதே!"

"தம்பி, லைன் சரியாத்தான் இருக்கு. 100-ம் 12-ம் ஒண்ணுதான்!"

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியோ, திருச்சி தில்லை நகரோ, பிராட்பேண்ட் இணைப்பு இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு புதிதில்லை. ஆச்சரியம் என்னவென்றால், இதில் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். குழப்பம் லைனில் இல்லை, அளவில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, பலரும் கேள்விப்பட்டிருந்தும் சரியாகத் தெரியாத ஒரு அளவிலிருந்து தொடங்க வேண்டும். அதன் பெயர் 'பாட்'.

பாட் என்றால் என்ன?

ஒரு கம்பியிலோ, காற்றிலோ, கண்ணாடி இழையிலோ தகவல் அனுப்பும்போது சிக்னல் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நொடிக்கு அது எத்தனை முறை மாறலாம் என்பதைச் சொல்லும் அளவுதான் பாட். நொடிக்கு 50 சிக்னல் அனுப்பினால் 50 பாட். அவ்வளவுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட் எண்ணுவது சிக்னலை மட்டுமே. அந்த சிக்னலுக்குள் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பதை அது சொல்லாது. தகவலை எண்ணுவது 'பிட்'. ஆம் அல்லது இல்லை, 0 அல்லது 1 என்ற ஒரே ஒரு பதில்தான் ஒரு பிட்.

மலைக்கோட்டையில் ஒரு விளக்கு

ஒரு கற்பனை. மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கத்தில் நீங்கள் விளக்கோடு நிற்கிறீர்கள். காவிரிக்கு அந்தப் பக்கம், 236 அடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தில் உங்கள் நண்பர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் நொடிக்கு ஒரு முறை விளக்கைக் காட்டுகிறீர்கள். அதாவது 1 பாட்.

உங்களிடம் சிவப்பு, பச்சை என இரண்டே நிறம் இருந்தால், ஒரு தடவை காட்டினால் 1 பிட் தகவல் போகும். நான்கு நிறம் இருந்தால்? அதே ஒரு தடவையில் 2 பிட். 16 நிறம் இருந்தால் 4 பிட். கை ஆடும் வேகம் மாறவே இல்லை, ஆனால் போய்ச் சேரும் தகவல் நான்கு மடங்கு.

கணக்கு இதுதான்: பாட் எண்ணை, ஒரு சிக்னலில் உள்ள பிட் எண்ணால் பெருக்கினால் வருவது பிட் வேகம்.

சரி, அப்படின்னா 1,000 நிறம் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். மார்கழி அதிகாலையில் காவிரி மேல் பனி இறங்கினால், சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது. நண்பர் தப்பாக எழுதிக்கொள்வார். அப்போது நிறங்களைக் குறைத்து, சிவப்பு பச்சை என்று பழைய முறைக்கே வர வேண்டியிருக்கும். இந்தப் பனியைத்தான் பொறியாளர்கள் 'இரைச்சல்' என்கிறார்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது?

வோல்ட் என்பது வோல்டாவின் பெயர். வாட் என்பது ஜேம்ஸ் வாட்டின் பெயர். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனின் பெயர் 'ராமன் விளைவு' என்று அறிவியலில் நிற்கிறது. அதேபோல பாட் என்பதும் ஒரு மனிதரின் பெயர்தான். எமில் போடோ. பிரெஞ்சுக்காரர். அவர் பெயரின் முன்பாதியை ஆங்கில வழக்கில் உச்சரித்தால் 'பாட்'.

1845-ல் பிறந்த போடோ ஒரு விவசாயியின் மகன். படித்தது தொடக்கப் பள்ளி மட்டுமே. 1869-ல் பிரான்ஸ் நாட்டுத் தந்தித் துறையில் சாதாரண ஆபரேட்டராகச் சேர்ந்தார். அப்போது தந்தி என்றால் மோர்ஸ் முறை. ஒரு எழுத்து குட்டையாகவும் இன்னொன்று நீளமாகவும் இருக்கும். ஆபரேட்டர் தட்டும் இடைவெளிகளில் கம்பி சும்மா கிடக்கும்.

போடோ இரண்டு காரியம் செய்தார். முதலாவது, எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்தே சிக்னல், ஒவ்வொன்றும் 'உண்டு' அல்லது 'இல்லை'. பியானோ மாதிரி ஐந்து கட்டைகள். இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. இரண்டாவது, ஒரே கம்பியைப் பல ஆபரேட்டர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் சுழலும் கருவி. மலைக்கோட்டையில் நான்கு பேர் ஒரே விளக்கை மாற்றி மாற்றி வாங்கி, ஆளுக்கொரு செய்தி அனுப்புவது மாதிரி. தன் முறை வரும் நேரம் பார்த்து, தாளம் தப்பாமல் ஆபரேட்டர் கட்டையை அழுத்த வேண்டும்.

1874-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1878-ல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1903-ல் அவர் இறந்தார். அதன் பிறகு, 1920-களில் தந்தி வேகத்துக்கு ஒரு சர்வதேச அளவு தேவைப்பட்டபோது, உலகம் அவருடைய பெயரை எடுத்துக்கொண்டது.

ஐந்து சிக்னலுக்குள் தமிழ் அடங்குமா?

ஐந்து சிக்னல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. மொத்தம் 32 வகைதான் வரும். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு அது தாராளம். மீதியில் ஒன்றை 'இனி வருவது எண்' என்று சொல்லும் குறியாக வைத்துக்கொண்டார்கள்.

தமிழுக்கு? 247 எழுத்து. ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று பார்த்தால் 31. பார்க்கப்போனால் 32-க்குள் அடங்கிவிடுகிறது! ஆனாலும் மிச்சம் ஒரே இடம். அதைச் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடக் கொடுத்தால், எண்களுக்கு இடமே இல்லை. தவிர, 'க்' என்பதையும் 'இ' என்பதையும் சேர்த்து 'கி' என்று அச்சடிக்கும் இயந்திரமும் வேண்டும்.

அதனால் நம் ஊரில் தந்தி என்றால் ஆங்கிலம்தான். 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று வரும். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாவிட்டால், படித்தவரைத் தேடித் தெருவில் ஓட வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்குள் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தியையே தாய்மொழியில் வாங்க முடியாத காலம் அது. இந்தியாவில் 163 ஆண்டுகள் ஓடிய தந்திச் சேவை, 2013 ஜூலையில்தான் நின்றது.

ஒரு சின்னக் கணக்கு. 'ஸ்ரீரங்கம்' என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 9 எழுத்து, போடோ முறையில் 45 சிக்னல். டெலக்ஸ் இணைப்பின் வழக்கமான வேகம் 50 பாட். எழுத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறிகளையும் சேர்த்தால், அந்த ஒரு பெயர் போக சுமார் 1.35 நொடி.

இன்று அதையே தமிழில் அனுப்பினால், புள்ளியும் கால்களும் தனித்தனிக் குறியாகக் கணக்காகும். மொத்தம் 10 குறி. யூனிகோடை இணையத்தில் அனுப்பும் வழக்கமான முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 30 பைட், அதாவது 240 பிட். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இது நொடியின் 10 லட்சத்தில் இரண்டரைப் பங்குகூட எடுக்காது. வேகம் கூடியதால்தான் தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் பழைய வித்தியாசம் முழுசாகப் போய்விடவில்லை. ஒரு எஸ்எம்எஸ்-ல் ஆங்கிலம் 160 எழுத்து போகும், தமிழ் 70 குறிதான்.

மோடம் காலத்தில் வந்த குழப்பம்

ஆரம்பகால மோடம்களில் ஒரு சிக்னலுக்கு ஒரே பிட். 300 பாட் என்றால் 300 பிட். இரண்டும் ஒன்றாகவே இருந்ததால், இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

பிறகு வந்த மோடம்கள் ஒரு சிக்னலில் 4 பிட் ஏற்றின. 2,400 பாட், ஆனால் 9,600 பிட். கடையில் அதை '9,600 பாட் மோடம்' என்றே விற்றார்கள். அது தவறு. 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் மக்களுக்கு இணையம் கொடுத்தபோது, டயல்-அப் இணைப்பில் பலருக்குக் கிடைத்தது இந்த 9,600 பிட் வேகம்தான். இன்றைய 5 எம்பி போட்டோ ஒன்றை அதில் அனுப்பினால், எல்லாம் சரியாக நடந்தாலும் ஏறக்குறைய 70 நிமிடம் ஆகும்.

போட்டித் தேர்வு எழுதுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பாட்-ம் பிட் வேகமும் சமமாவது ஒரு சிக்னலில் ஒரே பிட் இருக்கும்போது மட்டுமே.

பொறியியல் மாணவர்கள் பாட் என்ற சொல்லை இன்றும் தினம் பார்ப்பார்கள். ஆர்டுயினோ போர்டை கம்ப்யூட்டரில் இணைக்கும்போது 9600 என்று தேர்வு செய்வது பாட் எண்தான். இரண்டு பக்கமும் ஒரே எண் இல்லையென்றால், திரையில் புரியாத கிறுக்கல்தான் வரும். நீங்கள் நொடிக்கு ஒரு முறை விளக்கு காட்ட, நண்பர் அரை நொடிக்கு ஒரு முறை எழுதினால் எப்படியோ அப்படி.

உங்கள் போனில் என்ன நடக்கிறது?

4ஜி போனில் சிக்னல் தெளிவாக இருக்கும்போது, ஒரே சிக்னலில் 256 வகை வரை காட்டலாம். அதாவது 8 பிட். நம் விளக்குக்கு 256 நிறம்! தடித்த கல் மண்டபத்துக்குள் போனால் சிக்னல் மங்கும். உடனே 4 வகைக்கு, அதாவது 2 பிட்டுக்கு இறங்கிவிடும். சிக்னல் மாறும் வேகம் அப்படியே இருக்கும். ஆனால் உங்களுக்கு வரும் வேகம் நான்கில் ஒரு பங்காகவோ, அதற்கும் கீழாகவோ போய்விடும்.

"கோடு ஃபுல்லா இருக்கு, ஆனா வீடியோ சுத்துதே?" என்ற கேள்விக்கும் பதில் இங்கே இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரே டவரைப் பெருங்கூட்டம் பங்கு போட்டுக்கொள்கிறது. அந்தக் கோடுகள் காட்டுவது சிக்னலின் பலத்தை. உங்கள் முறை எப்போது வரும் என்பதை அவை காட்டாது. ஒரு கம்பியைப் பலருக்கு முறை வைத்துக் கொடுத்த போடோவின் யோசனையும் இதேதான்.

சரி, 100-க்கு 12 ஏன்?

நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்வது பிட். டவுன்லோடு திரை பெரும்பாலும் காட்டுவது பைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. ஆங்கிலத்தில் சின்ன எழுத்து 'பி' போட்டிருந்தால் பிட், பெரிய எழுத்து 'பி' போட்டிருந்தால் பைட். இந்த வேகம் முழுசாகக் கிடைத்தால், 1.5 ஜிபி படம் இறங்க 2 நிமிடம் போதும்.

ஆகவே புகார் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்:

• திரையில் இருப்பது பிட்டா, பைட்டா என்று பாருங்கள். பைட் என்றால் 8-ஆல் பெருக்குங்கள்.

• ரவுட்டர் பக்கத்திலேயே நின்று, மற்ற போன்களை வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். இரண்டு சுவர் தாண்டி வரும் வேகம் லைனின் வேகம் இல்லை.

• காலை, இரவு என வேறு வேறு நேரத்தில் சோதித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 100-க்கு 40, 50 பிட் என்றே வந்தால், இப்போது தைரியமாகக் கேட்கலாம். "12 தான் வருது" என்று கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "பிட்லயே 40 தான்ணே வருது" என்று சொன்னால், அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.