நியாயத்தீர்ப்பு நாள்: அது யாருக்கு?

இன்னைக்கு கொஞ்சம் பயமான தலைப்பு. கடைசி காலம், நியாயத்தீர்ப்பு. சர்ச்சுல வளர்ந்த நிறைய பேருக்கு இந்த வார்த்தைகளைக் கேட்டாலே வயித்துக்குள்ள ஏதோ பண்ணும். சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்து வீட்ல யாரும் இல்லைன்னா, இயேசு வந்து எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டார், நான் மட்டும் விடப்பட்டுட்டேன்னு நான் அழுதிருக்கேன். அம்மா பக்கத்து வீட்ல கறிவேப்பிலை வாங்கிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும்தான் அந்த உலக முடிவு நீடிக்கும்.

வளர்ந்த பிறகு பயம் வேற மாதிரி ஆச்சு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் நாங்கள் மூன்றாவது மாடி. கீழே பைக்கெல்லாம் தண்ணிக்குள்ள. கரண்ட் இல்லை. ராத்திரி மெழுகுவர்த்தி ஏத்தி வச்சு குடும்ப ஜெபம். கொஞ்சநஞ்சம் சார்ஜ் இருந்த போனில் மாமா ஒருத்தர் லைன்ல வந்து, "இதெல்லாம் கடைசி கால அடையாளம், இந்த ஊரு பண்ண பாவத்துக்குத்தான் இது" என்றார். நாங்க எல்லாரும் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன்.

அதே வாரத்துல எங்க வீட்ல இன்னொரு விஷயமும் நடந்தது. அதைக் கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு ஆளை அறிமுகப்படுத்தணும்.

மேய்ப்பன் ஒருத்தன் வடக்கே போனான்

அவர் பெயர் ஆமோஸ். பெத்லகேமுக்குத் தெற்கே தெக்கோவா என்ற ஊர்க்காரர். ஆடு வளர்க்கிறவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். தீர்க்கதரிசி வேலைக்குப் படிச்சு வந்த ஆள் இல்லைன்னு அவரே சொல்கிறார். காலம் கி.மு. 8-ம் நூற்றாண்டு. அப்போது சாலமோனின் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்து பல தலைமுறை ஆகியிருந்தது. தெற்கே யூதா, வடக்கே இஸ்ரவேல். தெற்கே இருந்து கிளம்பி வடக்கே போய்ப் பேசியவர் ஆமோஸ்.

அந்த நேரத்தில் வடக்கு ராஜ்யம் நல்லா செழிப்பா இருந்தது. இரண்டாம் யெரொபெயாம் ராஜா. எல்லை விரிந்திருந்தது, கையில் பணம் புழங்கியது. ஆமோஸ் தன் புத்தகத்தில் யானைத்தந்த வீடுகள், யானைத்தந்தக் கட்டில்கள் என்று பேசுகிறார். இது கவிதைக்காகச் சொன்னதா என்று சந்தேகம் வரலாம். 1930-களில் தலைநகர் சமாரியாவைத் தோண்டியபோது, அரண்மனைப் பகுதியில் செதுக்கிய யானைத்தந்தத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அதற்கு முன்பே, 1910-ல், அதே இடத்தில் மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருந்தன. எந்த ஊரிலிருந்து எவ்வளவு ஒயின், எவ்வளவு எண்ணெய் வந்தது என்ற கணக்கு அதில் இருந்தது. கிராமத்தில் விளைந்தது தலைநகருக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இந்த மக்கள் பக்தி இல்லாதவங்கன்னு நினைச்சுடாதீங்க. பெத்தேலில் பெரிய ஆராதனை, பாட்டு, பலி, காணிக்கை எல்லாம் நடந்தது. அவர்களுக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. அதுதான் 'கர்த்தருடைய நாள்'. ஒரு நாள் கடவுள் இறங்கி வருவார், நம்ம எதிரிகளைத் தீர்த்துக்கட்டுவார், நமக்கு விடிவு வரும். அந்த நாளுக்காக ஆசையாகக் காத்திருந்தார்கள். பைபிளில் இந்தச் சொல் வரும் இடங்களில் மிகப் பழையது ஆமோஸ் 5-ம் அதிகாரம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அந்த நாளை முதலில் அறிவித்தவர் இவர் இல்லை. ஏற்கெனவே எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவர்.

எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருந்தாங்க

அவர் எப்படித் திருப்பினார்னு பாருங்க. முதல் இரண்டு அதிகாரங்களைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு மேப் வச்சுக்கோங்க.

முதலில் தமஸ்குவுக்குத் தண்டனை அறிவிக்கிறார். அது வடகிழக்கு. அடுத்து காசா, தென்மேற்கு. அப்புறம் தீரு, வடமேற்கு. ஏதோம், தென்கிழக்கு. கிழக்கே அம்மோன், மோவாப். எல்லாம் இஸ்ரவேலின் பழைய பகையாளிகள். போரில் செய்த கொடூரங்கள், மனுஷரைப் பிடித்து விற்றது என்று ஒவ்வொன்றுக்கும் குற்றச்சாட்டு இருக்கிறது. கேட்கிற கூட்டம் எப்படி இருந்திருக்கும்? நாங்க மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ஆமென் சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

ஏழாவதாக யூதா. அது ஆமோஸின் சொந்த நாடு, வடக்கே இருக்கிறவர்களுக்குப் போட்டி நாடு. 'சொந்த ஊரையே விடலையே, நேர்மையான ஆளு' என்று தோன்றியிருக்கும். ஏழு முடிந்தது. அவர்கள் கணக்கில் ஏழு முழுமையான எண். கதை முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது எட்டாவது பெயர் வருகிறது: இஸ்ரவேல். கேட்டுக்கொண்டிருந்தவர்களேதான். சுற்றி வளைத்து வரைந்த வட்டத்துக்கு நடுவில் அவர்கள்தான் நின்றிருக்கிறார்கள்.

குற்றச்சாட்டு என்ன தெரியுமா? எல்லாமே சின்னச் சின்ன பணவிவகாரம் மாதிரி இருக்கும். ஒரு ஜோடி செருப்பு அளவு கடனுக்கு ஏழையை விற்றது. அடகு வாங்கின துணிமேல் பலிபீடத்துப் பக்கத்திலேயே படுத்தது. மோசேயின் சட்டப்படி, ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும், ஏனென்றால் ராத்திரி குளிருக்கு அவனிடம் அது மட்டும்தான் இருக்கும். 8-ம் அதிகாரத்தில் இன்னும் நுணுக்கமாகப் போகிறார். ஓய்வுநாள் எப்போ முடியும், கடையை எப்போ திறக்கலாம் என்று வியாபாரி காத்திருக்கிறான். தானியம் அளக்கிற படியைச் சின்னதாக்கி, காசு நிறுக்கிற எடைக்கல்லைப் பெரிதாக்குகிறான். பதரையும் சேர்த்து விற்கிறான். ஓய்வுநாளை மீறவில்லை, கவனிச்சீங்களா? பக்தியாகத்தான் காத்திருக்கிறான்.

அதனால்தான் கர்த்தருடைய நாளுக்கு ஆசைப்படுகிறவர்களைப் பார்த்து, உங்களுக்கு அது எதுக்கு என்று ஆமோஸ் கேட்கிறார். ஒரு ஆள் சிங்கத்திடமிருந்து தப்பி ஓடுகிறான், எதிரே கரடி. அதிலிருந்தும் தப்பி வீட்டுக்குள் வந்து, மூச்சு வாங்க சுவரில் கை வைக்கிறான். சுவரிலிருந்த பாம்பு கடிக்கிறது. வெளியே இருந்த ஆபத்தையெல்லாம் தாண்டினவனுக்கு ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, ஊருக்குத் திரும்பிப் போய் அங்கே பிழைத்துக்கொள் என்று அவரை விரட்டினான். கி.மு. 722 வாக்கில் அசீரியப் படை சமாரியாவைப் பிடித்தது. வடக்கு ராஜ்யம் அதோடு முடிந்தது.

'எப்போ?' என்ற கேள்வி

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். தீர்க்கதரிசனம்னு சொன்னதும் நமக்கு முதல்ல வர்ற கேள்வி 'எப்போ?' என்பதுதான். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மில்லர் என்றொரு விவசாயி இருந்தார், பாப்டிஸ்ட் போதகர். தானியேல் 8-ல் வரும் 2300 நாட்களை 2300 வருஷங்களாக எடுத்து, கி.மு. 457-லிருந்து எண்ணி, கிறிஸ்துவின் வருகை 1843 வாக்கில் என்று கணக்கிட்டார். பிறகு அவருடைய இயக்கத்தில் 1844 அக்டோபர் 22 என்று தேதியே குறித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டார்கள். அந்த ராத்திரி கடந்து விடிந்தது. அதை 'பெரும் ஏமாற்றம்' என்றே வரலாறு பதிவு செய்திருக்கிறது. 2011-ல் ஹெரால்ட் கேம்பிங் என்ற ரேடியோ பிரசங்கியார் மே 21 என்றார், அது தவறியதும் அக்டோபர் 21 என்றார். அடுத்த வருஷம், தேதி குறித்தது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இவங்களைப் பார்த்து சிரிக்கிறது ஈஸி. ஆனா அவர்கள் பைபிளை அலட்சியமாகப் படித்தவர்கள் இல்லை, ரொம்ப சீரியஸாகப் படித்தவர்கள். எங்கே சறுக்கியது? அந்த நாளும் அந்த நேரமும் யாருக்கும் தெரியாது என்று இயேசு சொன்னது மத்தேயு 24-ல் இருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே நியாயத்தீர்ப்புக் காட்சி வருகிறது: செம்மறியாடுகள் ஒரு பக்கம், வெள்ளாடுகள் ஒரு பக்கம். அங்கே தேதியைச் சரியாகச் சொன்னது யார் என்று ராஜா கேட்பதே இல்லை. பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, ஜெயிலில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா, இதுதான் கேள்வி. இதில் இன்னொன்று: இரண்டு பக்கத்தாருமே ஆச்சரியப்படுகிறார்கள். நாங்க எப்ப உம்மைப் பார்த்தோம் என்று இரண்டு பேரும் கேட்கிறார்கள். தாங்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்தவர் அங்கே யாருமில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தையும் இப்படிப் படிச்சுப் பாருங்க. முத்திரை, எக்காளம், மிருகம் எல்லாம் வருவதற்கு முன்னால் இரண்டு முழு அதிகாரம் ஏழு சபைகளுக்கு எழுதிய கடிதங்கள். உலகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சபையைக் கூப்பிட்டு நிறுத்துகிறார். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில்தான் தொடங்கும் என்று பேதுருவின் முதல் கடிதம் 4-ம் அதிகாரமும் சொல்கிறது.

புயல், வெள்ளம் பற்றி? லூக்கா 13-ல் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்த செய்தி வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். சொல்லிவிட்டு, நீங்கள் மனந்திரும்புங்கள் என்று கேட்டவர்கள் பக்கம் திரும்புகிறார். எங்க மாமாவுக்கு அன்னைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம் அது. எனக்கே நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.

எழுநூறு ரூபாய்

இப்ப அந்த இன்னொரு விஷயம். எங்க வீட்ல பாத்திரம் தேய்க்க, வீடு துடைக்க ஒரு அக்கா வருவாங்க. மாசம் 3,500 ரூபாய். அந்தப் புயல்ல அவங்க வீட்டுக்குள்ள தண்ணி. ஆறு நாள் வர முடியலை. மாசக் கடைசில சம்பளம் போடும்போது, போன்ல கால்குலேட்டரைத் திறந்து ஆறு நாளுக்கு 700 கழிச்சு, 2,800 ஜிபே பண்ணினேன். அம்மா சொல்லி இல்லை. நானே பண்ணினேன். நியாயமான கணக்குன்னுதான் நினைச்சேன்.

அதே வாரம் கரண்டும் நெட்டும் இல்லாம நாலு நாள் நான் ஆபீஸ் வேலை பார்க்கலை. என் சம்பளத்துல ஒரு ரூபாய் குறையலை. அதையும் நியாயம்னுதான் நினைச்சேன்.

மூணு மாசம் கழிச்சு, சர்ச் வாலிபர் கூட்டத்துக்கு ஆமோஸ் 8 தயார் பண்ணிக்கிட்டு இருந்தேன். சின்னப் படி, பெரிய எடைக்கல். எனக்கு ஒரு அளவு, இன்னொருத்தருக்கு ஒரு அளவு. அப்பதான் உறைச்சுது. நாங்க ஜெபம் பண்ணின ஹாலைத் துடைக்கிறவங்க சம்பளத்தில் கைவைத்தவன், ஊர்ப் பாவத்துக்கு ஆமென் சொல்லியிருக்கேன். சுவர்ல கை வச்ச ஆளு நான்தான்.

மறுநாள் 700 ரூபாயைக் கையில் கொடுத்தேன். "எதுக்கு தம்பி?" என்றார். டிசம்பர்ல பிடிச்சதுன்னு சொன்னேன். வாங்கிக்கிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, தேய்ச்சுக்கிட்டே, "அந்த மாசம்தான் வேணும்னு இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

நியாயத்தீர்ப்பைப் பற்றி என் பயம் அன்னைக்குக் கொஞ்சம் மாறியது. யாராவது ஒருத்தர் உண்மையான அளவுகோலை எடுத்துக்கொண்டு வருவார் என்பது, அந்த அக்கா பக்கம் நின்னு கேட்டா, நல்ல செய்தி. அடகு வைத்த போர்வைக்காகக் குளிரில் காத்திருந்தவனுக்கும் அது நல்ல செய்திதான். அந்தக் கடைசி நாள் பற்றி பைபிள் இவ்வளவு பேசுவதற்கு ஒரு காரணம் இதுவும் என்று நினைக்கிறேன்: இங்கே யாரும் கேட்காமல் போன கணக்கு அங்கே கேட்கப்படும். நம்ம பக்கம் நின்னு கேட்டா அது பயம்தான். பயம் வரட்டும். ஆனா அந்தப் பயம் வானத்தைப் பார்த்துத் தேதி எண்ண வைக்கிறதா, இல்லை வீட்டுக் கணக்கைத் திறந்து பார்க்க வைக்கிறதா என்று மட்டும் கவனிக்கணும்.

இந்த வாரம் ஆமோஸ் புத்தகத்தை முழுசா ஒரு தடவை படிங்க. ஒன்பது அதிகாரம்தான், ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். மேப்பை மறக்காதீங்க. முடிச்சதும், நீங்க யாருக்காவது கழிச்சுக் கொடுத்திருந்தா, அதை அந்த மாசத்துக்குள்ளயே கொடுத்துடுங்க. நான் தாமதமாத்தான் கொடுத்தேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.